மானேஜரின் கையெழுத்து

பென்ரோஸ் தொழிற்சாலையில் லீவுப் படிவங்களைக் கவனிப்பவள் வசந்தமலர். 1986 அக்டோபரில், யூதர்கள் பாவமன்னிப்பு வேண்டி நோன்பிருக்கும் யோம் கிப்பூர் நாளுக்கு மிரியம் என்ற தொழிலாளி லீவு கேட்டிருந்தாள்.

"சுகமில்லையெண்டு எழுதச் சொல்லுங்கோ, விடுறன்," என்றார் மானேஜர் ஹாரிஸ்.

"மன்னிப்புக் கேக்கிற நாளுக்குப் பொய் சொல்லி லீவு எடுக்கமாட்டாவாம், சேர். நீங்கள் தராட்டில் வேலையை விட்டிடுவாவாம்."

ஹாரிஸ் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வசந்தமலர் கதவருகே போனபோது கூப்பிட்டார்.

"இன்னொரு படிவம் தாங்கோ."

"ஆருக்கு, சேர்?"

"எனக்குத்தான். இருபது வருசமாய் நான் பொய் சொல்லித்தான் அந்த நோன்பைப் பிடிக்கிறன்."