படுத்துக் கிடந்த எழுத்து

"எழுத்து எங்கேயாவது தரையில படுத்துக் கிடக்குமா? உனக்கு யாருப்பா த்ரீ டி சொல்லிக் குடுத்தது?"

ராஜீவ் போட்ட சத்தத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பதுளையில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துபவர். திட்டு வாங்கியவன் அவரிடம் சேர்ந்து மூன்றே மாதமான ஷுக்ரி.

மண்சரிவு வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தோட்டத்து ஆட்களுக்குப் பழக்கும் புரோகிராம் அது. த்ரீ டி கண்ணாடியை மாட்டினால் பசறை மலை அப்படியே முன்னால் நிற்கும். வழிகாட்டும் எழுத்துகளை வரைந்தது ஷுக்ரி. இன்றைக்குத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குப் பிடித்துவிட்டால் அதன் ஆறு டிவிசனுக்கும் இந்தப் பயிற்சிதான்.

"சார், வேணும்னுதான் பாதையில படுக்க வச்சேன்..."

"தொண்ணூறு டிகிரி தப்பாத் திருப்பிட்டு சமாளிக்காத. தள்ளு."

ராஜீவே உட்கார்ந்து புரோகிராமில் ஒரு வரியை மாற்றினார். எழுத்துகள் எழுந்து நின்றன. எந்தப் பக்கம் போனாலும் நம்மைப் பார்த்துத் திரும்பி, ஆள் உயரத்தில் தகதகவென்று மிதந்தன. துரை "அட" என்றார். ராஜீவுக்குத் தலைகால் புரியவில்லை.

சோதித்துப் பார்க்க, கொழுந்து பறிக்கும் பாக்கியலெட்சுமியைக் கூப்பிட்டார்கள். மலையிலிருந்து நேராக வந்திருந்தார். முதுகில் கொழுந்து மூட்டை, அதன் கயிறு தலையில்.

"மூட்டைய எறக்கிரவா தம்பி?"

"வேணாங்க்கா. மண்ணு சரியிறப்ப எறக்க நேரமிருக்குமா?" என்று ஷுக்ரியே கண்ணாடியை மாட்டிவிட்டு, நடப்பதற்கான பொத்தானைக் கையில் கொடுத்தான்.

அவர் பார்ப்பதெல்லாம் திரையில் தெரிந்தது. கல், சேறு, புல், மறுபடியும் கல். எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை.

"மேல பாருங்க, மேல!" ராஜீவ் பதறினார்.

"மூட்டையோட எப்படி நிமிர்றது?"

வழி தவறிப் போனார். மண் வந்து மூடியது.

"நான் செத்துட்டனா?" என்று மெதுவாகக் கேட்டார்.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். ஷுக்ரி பாய்ந்துபோய் அந்த ஒரு வரியைப் பழையபடி ஆக்கினான். "அக்கா, இன்னொரு தடவ."

இந்த முறை காலடியிலேயே எழுத்து கிடந்தது. "எடது பக்கம்... கோயில் மேடு..." வாசித்துக்கொண்டே போனார். பின்னால் மண் இறங்கும் இரைச்சல். அடுத்த எழுத்து, அடுத்த திருப்பம், அதோ கோயில் மேடு. கொழுந்து நிறுக்க வந்தவர்கள் கைதட்டிய தட்டில் தகரக் கூரை அதிர்ந்தது.

"ஆறு டிவிசனுக்கும் போடுங்க," என்றார் துரை.

ராஜீவ் ஷுக்ரியைக் கட்டிக்கொண்டார். "டவுன்ல பொறந்தவன் நீ. உனக்கு எப்படிடா இது தெரிஞ்சது?"

"நாலு நாள் இவங்க பின்னாடியே நடந்தேன் சார். ஒருத்தரும் நிமிரல."

பாக்கியலெட்சுமி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ராஜீவைப் பார்த்தார்.

"ஏன் ராஜீவு, ஒங்கம்மா மூட்டைக்குப் பின்னாடி நீ எத்தன வருசம் நடந்திருப்ப?"