பொருள்: உதவி கோருதல் தொடர்பாக

இரண்டு விரல்கள் பெட்டிக்குள் போய்விட்டன. திரும்பி வரவில்லை.

இழுத்துப் பார்த்தார். மோதிரம் தகரத்தில் சிக்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். பெட்டி ஆடியதே தவிர விரல் வரவில்லை.

மணி ஒன்பதே முக்கால். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் வராந்தா. பத்து மணிக்கு ஊரே வந்துவிடும்.

பெட்டியின் நெற்றியில் சிவப்பு எழுத்து: 'போதையில்லா வளாகம். புகார் சொல்லலாம். உதவியும் கேட்கலாம். ரகசியம் காக்கப்படும்.'

பெட்டி ரகசியத்தை நன்றாகத்தான் காத்தது. அவர்தான் கோட்டை விட்டுவிட்டார்.

ஐந்து நிமிடம் முன்னால்தான் அந்தக் கடிதத்தை உள்ளே போட்டார். பெயர் போடாத கடிதம். அதற்கு ஒரு மாதம் யோசித்திருந்தார். இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கடைக்குப் போய், இன்றோடு போதும் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்புகிற மனுஷன்.

போன வாரம் ஒரு மாணவியின் சான்றிதழைச் சரிபார்க்கும்போது பேனா நடுங்கியது. அவள் பார்த்துவிட்டாள். உடனே ஜன்னல் பக்கம் திரும்பி, பார்க்காத மாதிரி நின்றாள்.

அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இன்று காலை சீக்கிரமே வந்து எழுத உட்கார்ந்தார். இருபத்தொன்பது வருஷ சர்வீஸ், அதில் பதினொரு வருஷம் கண்காணிப்பாளர். கை வேறு எப்படி எழுதும்?

'அனுப்புநர்: பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்.

பொருள்: குடிப்பழக்கத்தை நிறுத்த உதவி கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பெட்டியின் அறிவிப்பு.'

தங்களின் மேலான கவனத்திற்குப் பணிந்து கொண்டுவருவது யாதெனில் என்று ஆரம்பித்து, என்னால் தனியாக முடியவில்லை என்று முடித்திருந்தார். நடுவில் இருந்ததெல்லாம் சம்பிரதாயம். கடைசி வரி மட்டும் நிஜம்.

போட்டுவிட்டு ஆறு அடி நடந்த பிறகுதான் உறைத்தது.

கடிதத்தின் அடியில் சுருக்கொப்பம் வைத்திருந்தார். 'தெ.சி.' கூடவே தேதி.

அது இல்லாமல் ஒரு காகிதம் அவர் மேசையை விட்டு நகர்ந்ததில்லை. தெய்வசிகாமணியின் அந்தக் கோணல் 'தெ'யைத் தெரியாதவர் வாட்ச்மேனிலிருந்து துணைவேந்தர் வரை யாரும் கிடையாது.

அதனால்தான் திரும்பி ஓடிவந்து விரலை விட்டார்.

"சார்?"

அவருடைய பிரிவின் உதவியாளர் பாக்கியநாதன், சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். விரலைப் பார்த்தார். சிவப்பு எழுத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யார் மேல சார் புகார்?"

தெய்வசிகாமணி விரலை மறுபடி இழுத்தார்.

"சார், நான் விட்டுட்டேன் சார். தீபாவளிக்குக் கொஞ்சம். அப்புறம் பொங்கலுக்கு. அது மாமனார் ஊத்திக் கொடுத்தது சார், வேணாம்னு சொல்ல முடியுமா?"

"பாக்கியநாதன், முதல்ல போய் சாவியை..."

"கணக்குப் பிரிவுல மூணு பேர் இருக்காங்க சார். பேர் வேணும்னாலும் தர்றேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

தந்தும்விட்டார். மூன்று பேரையும், இனிஷியலோடு.

இதற்குள் பின்னால் வரிசை சேர்ந்திருந்தது. இந்த வளாகத்தில் ஒருவர் எதன் முன்னால் நின்றாலும் பின்னால் நாலு பேர் நின்றுவிடுவார்கள். எல்லார் கையிலும் சான்றிதழ் விண்ணப்பம். எதற்கு நிற்கிறோம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாக்கியநாதன் ஓடிப்போய் விலங்கியல் துறை ஹில்டா மேடத்தை அழைத்து வந்தார். பெட்டிக்குப் பொறுப்பு அவர்தான். ஒரு கையில் சாவி, மறு கையில் தேங்காய் எண்ணெய்.

அடிக் கதவு திறந்தது. காகிதங்கள் விழுந்தன. விடுதி சாம்பாரைப் பற்றி எட்டு. விடுதி நாய்களைப் பற்றி மூன்று. ஓரத்தில் அங்குலக் கணக்காக இடம் விட்டு, நாலாக மடித்த கடிதம் ஒன்று.

மேடம் அதைத்தான் முதலில் பிரித்தார்.

அவர் கண்கள் வரி வரியாக இறங்குவதைத் தெய்வசிகாமணி பார்த்துக்கொண்டிருந்தார். பொருள். பார்வை. யாதெனில். கண்கள் அடிக்குப் போய் அங்கேயே நின்றன.

ஓடிவிடலாம் என்றால் விரல் விடவில்லை.

மேடம் கடிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டு மூடினார். எண்ணெயை ஊற்றினார். விரலை மெல்லத் திருகி வெளியே எடுத்தார்.

"பதினோரு மணிக்கு என் ரூமுக்கு வாங்க சார்," என்றார், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "டாக்டர் இருப்பாங்க. நானும் இருப்பேன்."

பிறகு வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "பெட்டி கெட்டியா இருக்கான்னு சார் சோதிச்சுப் பார்த்தார். அவ்வளவுதான்."

வரிசை நம்பிவிட்டது. கண்காணிப்பாளர் எதையும் சோதிக்கக்கூடியவர்தான். மேடம் கிளம்பினார். மாணவர்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள்.

தப்பித்தாயிற்று. அவர் அப்படியே அறைக்குள் போயிருக்கலாம்.

பாக்கியநாதன் மட்டும் அசையவில்லை. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"சார், யார் மேலன்னு மட்டும் சொல்லிடுங்க. இல்லேன்னா இன்னைக்குச் சோறு இறங்காது."

பார்க்கவே பாவமாக இருந்தது. தெய்வசிகாமணி எண்ணெய் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பயப்படாதய்யா. என் மேலதான்."

பாக்கியநாதன் சிரிக்க வாயெடுத்தார். தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மேடம் உங்ககிட்ட மெதுவா ஏதோ சொன்னாங்களே, எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க சார்?"