பதமான சூடு

மூன்று ஞாயிறுகளாக ஜெனிபர் சுட்ட பிரெட் செங்கல்லாகத்தான் வந்தது. ஈஸ்ட்டை மாற்றிப் பார்த்தாள், மைதாவை மாற்றிப் பார்த்தாள். கொல்லிமலைக் குளிரில் மாவு பொங்குவேனா என்றது. கீழே நாமக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ் அவள். குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இருந்தது.

இன்று பிரெட் பஞ்சாக வந்திருந்தது.

"எப்படி?" என்றான் கணவன் ஜான்பீட்டர், வாய் நிறைய மென்றபடி.

"எல்லாம் சூடுதான்" என்று சிரித்தாள்.

வாசலில் காளியண்ணன் வந்து நின்றான். காலையில்தான் அவன் மனைவிக்கு எடை குறைந்த ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஜெனிபர்தான் துண்டில் சுற்றி, ஆம்புலன்ஸ் ஏற்றிக் கீழே அனுப்பிவைத்தாள்.

"துண்டைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க சிஸ்டர். பாதி மலை எறங்கறதுக்குள்ளயே புள்ள சில்லுனு ஆயி மூச்சு நின்னுருச்சுங்க."

ஜெனிபர் துண்டை வாங்கிக்கொண்டாள்.

"உங்களச் சொல்லிக் குத்தமில்லீங்க. கொழந்தைக்குச் சூடு குடுக்கற மெஷினு ரிப்பேருன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

காலையிலிருந்து பட்டினியாக இருப்பான், பாவம். பிரெட்டில் கனமாக ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"இன்னும் சூடா இருக்குதுங்க" என்றான்.

அவன் போனதும் பிரசவ அறைக்குப் போனாள். பச்சைக் குழந்தையைக் கிடத்தும் படுக்கைக்கு மேலே அந்த மெஷினின் விளக்கு செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. அதனடியில் வைத்திருந்த இரண்டாவது மாவு இன்னும் பாதிதான் பொங்கியிருந்தது.

கையிலிருந்த துண்டை அதன்மேல் போர்த்திவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினாள்.