ஆதாரம் எங்கே?

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரின் 'தினம் ஒரு துணுக்கு' முகநூல் குழுவில் லிகாயா எதை எழுதினாலும் ரொஹேலியோ கீழே ஒரே கேள்விதான் கேட்பார்: "ஆதாரம் எங்கே?" ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றாலும் அதே கேள்வி. அரிய சொல், அதிசயத் தகவல் என்று ஊர்க்குப்பையை அள்ளிவந்து கொட்டும் அரைவேக்காடு அவள் என்பது அவர் முடிவு.

அவள் செத்தபோது, அழுவதற்கு எத்தனை முட்டாள்கள் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் சாவு வீட்டுக்குப் போனார். கிளம்பும்போது அவள் தங்கை வாசல்வரை வந்தாள்.

"நேரா வீட்டுக்குப் போயிடாதீங்க சார். வழியில எங்கயாவது ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க. இல்லன்னா அக்கா கூடவே வந்துடுவா."

"வரட்டுமே. வரும்போது ஆதாரத்தோட வரச் சொல்லு."

நேராக வீட்டுக்குத்தான் போனார். தனி ஆள். கதவைத் தாழிட்டுவிட்டு, கொசுவலைக்குள் படுத்துத் தூங்கினார்.

காலையில் குழுவைத் திறந்தால், லிகாயாவின் பெயரில் புதுத் துணுக்கு: 'தெரியுமா? ரொஹேலியோ சார் தூங்கும்போது அவருடைய இடது கண் முழுதாக மூடுவதில்லை.' அதற்குள் ஆறு மூடர்கள் லைக் போட்டிருந்தார்கள். எவனோ அவள் கணக்கில் புகுந்து விளையாடுகிறான் என்று உதட்டைச் சுழித்தபடி, வழக்கமான கேள்வியைத் தட்டினார்.

உடனே ஒரு புகைப்படம் வந்தது. வாயைப் பிளந்து தூங்கும் அவர் முகம், பாதி திறந்த இடது கண்ணோடு. கொசுவலைக்கு உள்ளேயிருந்து எடுத்தது.