பீப்பாவில் குறைந்தது

"கூட்டிக்கொண்டு வாங்கோடா விதானையாரை! இண்டைக்கு உவன்ரை கள்ளத்துக்கு ஒரு முடிவு!"

மார்க்கண்டு முதலாளியின் சத்தம் பெரியகடைத் தெரு முழுக்கக் கேட்டது. வந்திறங்கிய நாளில் நிறை சரியாயிருந்த சலவைச் சோடாப் பீப்பா, இப்போது நிறுத்தால் கால்வாசி குறைகிறது. சரக்கு வைக்கிற கிட்டங்கியின் பூட்டுத் திறப்போ கடை வேலையாள் கந்தப்பு ஒருவனிடந்தான் இருந்தது.

"களவேதான் முதலாளி. நானே நிறுத்தனான்" என்று காலையிலேயே அடித்துச் சொல்லிவிட்டார் கணக்கப்பிள்ளை அடைக்கலநாதன்.

கந்தப்பு சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அப்போதுதான் இடுப்பில் குழந்தையோடு ஒரு இளம்பெண் உள்ளே வந்தாள். முதலாளி முன்பின் கண்டிராதவள். கந்தப்புவின் மகளாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"ஒருத்தரும் களவெடுக்கேல்லை முதலாளி. அடுப்பும் தாச்சியும் தாருங்கோ, காட்டுறன்."

"கடையிலை சமையலும் தொடங்கியாச்சோ?"

அவள் குழந்தையை அவரிடமே நீட்டினாள். "ஒருக்கால் பிடியுங்கோ."

குழந்தை முதலாளியின் கடுக்கனைப் பிடித்து இழுத்தது. வாசலில் கூடி நின்ற சனம் சிரித்தது.

பீப்பாவின் அடியிலிருந்து கண்ணாடிபோன்ற கட்டிகளை எடுத்து, நிறுத்து, தாச்சியில் போட்டாள். கட்டி உருகியது, கொதித்தது, ஆவி பறந்து வெள்ளைத் தூளாய்க் காய்ந்தது.

"இப்ப நிறுங்கோ."

பாதிகூட இல்லை!

"இன்னும் காய்ச்சு பாப்பம்!" என்றார் முதலாளி.

காய்ச்சினாள். நிறுத்தார்கள். துளியும் குறையவில்லை.

"இனிக் குறையாது. போனதெல்லாம் கட்டிக்குள்ளை இருந்த தண்ணி. கன்னியர் மடத்திலை சிஸ்டர் இப்பிடித்தான் காட்டினவ. நெருப்புக்கூட வேண்டாம் முதலாளி, இந்த வறண்ட சோழகக் காத்தே மெல்ல மெல்லக் குடிச்சிடும். உங்கடை பீப்பா மூடி வெடிச்செல்லே கிடக்குது. மேலாலை அள்ளிப் பாருங்கோ."

குழந்தையும் கையுமாக ஓடிப்போய் அள்ளினார் முதலாளி.

"அட, அதே தூள்!"

"கந்தப்பண்ணை கள்ளனில்லை!" தெருவே ஆரவாரித்தது.

காலையில் பறித்து வைத்திருந்த திறப்பை எடுத்துக் கந்தப்புவின் கையில் வைத்தார் முதலாளி. "குறை நினையாதை கந்தப்பு." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "கெட்டிக்காரி! கொப்பற்றை மானத்தைக் காப்பாத்திப்போட்டாய்."

"கந்தப்பண்ணை என்ரை அப்பு இல்லை முதலாளி."

குழந்தையை வாங்கிக்கொண்டு, மூலையில் தலை குனிந்து நின்ற கணக்கப்பிள்ளையிடம் நேரே போனாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை பிள்ளையைப் பிடியுங்கோ. கந்தப்பண்ணையிட்டை நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வீட்டை வாருங்கோ."