சிவப்புத் திரை

"பாதுகாப்பை நிறுத்தினால் ஆபத்து. நிறுத்தவா?" என்று கணினி கேட்டது. அவள் யோசிக்காமல் 'ஆம்' என்று தட்டினாள்.

பின்னால் நின்ற கணவனுக்குப் பகீரென்றது. "அடிப்பாவி! வைரஸை ஆராயறதுதான் உன் வேலை, அதுக்காகக் காவலைத் தூக்கிட்டு வீட்டுக்குள்ளயே விடுவியா?"

"காவல் இருந்தா அது வாலாட்டாதுங்க. என்ன பண்ணுதுன்னு நான் பார்க்க வேண்டாமா? பயப்படாதீங்க, இது நிஜக் கம்ப்யூட்டர் இல்ல. அதுக்குள்ள நான் செஞ்சு வெச்சிருக்கற பொம்மைக் கம்ப்யூட்டர். நாசமாப் போனா அழிச்சுட்டு வேற செஞ்சுக்கலாம்."

வைரஸை அவிழ்த்துவிட்டாள். கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளத் தொடங்கின.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்? எதுல இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பொம்மைக்குத் திரை சிவப்பு, நிஜத்துக்கு நீலம். குழம்பவே முடியாது."

அவன் முகம் வெளிறியது.

அடுத்துப் பூட்டிக்கொண்ட கோப்பின் பெயர் 'பாப்பாவின் முதல் நடை'.

"ஐயோ, இது எப்படிங்க இங்க வந்தது?"

"எப்பப் பார்த்தாலும் சிவப்புத் திரை முன்னாடியே உட்கார்ந்திருக்கியா... உனக்குப் பிடிச்ச கலர்னு நெனச்சு, இன்னிக்கு உன் பிறந்தநாளாச்சேன்னு, காலையில அந்த நீலத்தை நான்தான் மாத்தி வெச்சேன்."