வில்ஃப் வெட்டிய ஒன்று

டோரீன் அம்மாள் வீட்டில் வேலியாக வளர்த்த ஹாலி என்ற முள்ளிலைச் செடி பத்து வருடமாகக் கத்தரி படாமல் பன்னிரண்டு அடிக்கு வளர்ந்திருந்தது. "வெட்டினப்புறம் மே மாசத்துக்குள்ள துளிர்க்கலைன்னா பிடுங்கிட்டுப் பலகை வேலி அடிச்சிடுவேன், வில்ஃப்," என்று சொல்லிவிட்டுத்தான் தேநீரே கொடுத்தார்.

தோட்டக்காரர் வில்ஃப் முள்ளை விலக்கினார். உள்ளே, எந்தக் கையும் எட்டாத இடத்தில், கிளைகள் ஏற்கெனவே வெட்டப்பட்டு, கீழே விழாமல் சிக்கி நின்றன. மொட்டுக்குச் சற்று மேலே, மழை வழிந்தோடும் சாய்வில். வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது. நாற்பது வருடத் தொழிலில் வில்ஃபுக்கே அப்படி ஒரு வெட்டு வாய்த்ததில்லை.

"வேற யாரையாவது வெட்டச் சொன்னீங்களாம்மா?"

"இந்த முள்ளுல கைவைக்க உன்னைவிட்டா வேற பைத்தியம் யாரு?"

மாலைவரை அவர் வெட்டுப்பட்டவற்றை இழுத்துப் போட்டதோடு சரி. நடுவில் ஒரு தண்டு மட்டும் முழுதாக நின்றது. வேலிமேல் ஓடும் சூனியக்காரிகள் இடறி விழட்டும் என்று ஒன்றை விட்டுவைப்பது அந்த ஊர் வழக்கம். அது தெரிந்தும், வந்ததற்கு ஒன்றாவது வெட்டவேண்டாமா என்று வில்ஃப் அதை அறுத்தார்.

மே மாதம் வேலி முழுக்கப் பளபளவென்று துளிர்த்தது. டோரீன் அம்மாள் ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்த்தார்.

"என்ன கைடா வில்ஃப் உனக்கு. நடுவுல இது மட்டும் ஏன் பட்டுப்போச்சு?"

"அது மட்டும்தான் நான் வெட்டினது," என்றார் வில்ஃப்.